புலி இல்லாத ஆட்டம்

எழுமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மந்தைக் கல்லிலோ கோயில் திண்ணையிலோ ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பதை இன்னும் பார்க்கலாம். ஒரு முக்கோணம், உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், 23 சந்திப்புகள். புலி 3, ஆடு 15. (ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.) புலி, ஆட்டைத் தாண்டி வெட்டி ஜெயிக்கிறது. ஆடுகள் ஒருபோதும் புலியை வெட்டுவதில்லை. நகர இடமில்லாமல் அடைத்துத்தான் ஜெயிக்கின்றன. இரண்டு தரப்புக்கும் பலம் வேறு, விதி வேறு, வெற்றி என்பதன் அர்த்தமே வேறு. சதுரங்கம் இரண்டு சமமான சேனைகளைக் கற்பித்துக்கொண்டு தொடங்குகிறது. ஆடுபுலி அப்படி ஒரு பொய்யைச் சொல்வதில்லை. உலகத்தில் பலம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதையே கட்டமாக வரைந்துவைத்துக்கொண்டு, பிறகு ஆட உட்காருகிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஆடுகளின் ஜெயம் எந்தத் தனி ஆட்டின் ஜெயமும் அல்ல. இன்ன ஆடு இத்தனை புள்ளி என்ற கணக்கு அங்கே கிடையாது.

இந்தக் கட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கடந்த பதினைந்து வருஷங்களாக நிர்வாகிகளும் தொழில்நுட்பக்காரர்களும் பேசிவரும் ஒரு கருத்தைப் பரிசீலிக்க விரும்புகிறேன். ஜனங்கள் பொதுக்காரியங்களுக்கு வருவதில்லை. கூட்டம் அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது, மனு சலிப்பாக இருக்கிறது. செல்போன் சலிக்கவில்லை, விளையாட்டு சலிக்கவில்லை. ஆகவே பொதுக்காரியத்தை விளையாட்டாக்கிச் செல்போனுக்குள் வைத்துவிட்டால் ஜனநாயகம் பிழைத்துக்கொள்ளும். புகார் கொடுத்தால் புள்ளி, யோசனை சொன்னால் பதக்கம், நிறையச் சொன்னால் பட்டியலில் முதலிடம். கருத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதைக் கேலி செய்து ஒதுக்குவது சுலபம். நம் வட்டத்தில் அது பழக்கமும்கூட. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. விளையாட்டு அற்பமானதல்ல. 1938-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் டச்சு சரித்திராசிரியர் ஹாய்ஸிங்கா, சட்டம், யுத்தம், கவிதை, சடங்கு எல்லாவற்றிலும் விளையாட்டின் குணம் ஊடுருவியிருப்பதை விரிவாகவே காட்டியிருக்கிறார். நாம்தான் ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று சொல்லி நழுவிவிடுகிறோம். என் ஆட்சேபணை வேறு இடத்தில். பொதுக்காரியத்தை விளையாட்டாக்குகிறோம் என்பவர்கள் செய்துகாட்டியிருப்பது விளையாட்டையே அல்ல என்பது என் கட்சி.

முதலில் மதுரையையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் ஸ்வச் சர்வேக்ஷண் என்ற தூய்மைக் கணக்கெடுப்பு 2016-இல் 73 நகரங்களோடு ஆரம்பித்தது. நகரங்களுக்கிடையே பந்தயம், மதிப்பெண், தரவரிசை. கூடவே குப்பையைப் படமெடுத்து அனுப்ப ஒரு செயலி. 2018-இல் மொத்தம் 4000 மதிப்பெண்ணில் 1400 குடிமக்களின் பங்குக்கு என்று ஒதுக்கப்பட்டது. செயலியின் உபயோகமும் அதில் சேர்த்தி. விளைவு எதிர்பார்த்ததுதான். பல நகரங்களில் குப்பையை அள்ளுவதைக் காட்டிலும் செயலியை இறக்கவைப்பதில் ஊக்கம் மிகுந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பையன் பாடத்தை விட்டுவிட்டு வினாத்தாளைப் படிப்பதைப்போல. 2025 ஜூலையில் வந்த பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். ஊரில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது, கட்சிக்காரர்கள் அறிக்கை விட்டார்கள், அவ்வளவுதான். கடைசி இடம் மதுரைக்கு அவமானமா, பட்டியலுக்கு அவமானமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். வைகையில் விழும் சாக்கடை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது, யார் வீட்டு வாசலில் தேங்குகிறது, அதற்குள் இறங்கி அடைப்பெடுப்பவர் யார், ஏன் எப்போதும் அவர் மட்டும் என்ற கேள்விகளுக்கு அந்த 4000-இல் ஒரு மதிப்பெண்ணும் இருந்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே அவசியமில்லை, தெருவில் நிரம்பி வழிந்த சாக்கடையைப் படமெடுத்து ஒரு செயலியில் ஏற்றினான். மூன்றாம் நாள் பச்சைக் குறியோடு செய்தி வந்தது: தீர்க்கப்பட்டது. கூடவே சுத்தமான ஒரு சாக்கடையின் படம். அது வேறு தெருவின் சாக்கடை. ‘திருப்தியா, எத்தனை நட்சத்திரம்?’ என்று கேட்டிருந்தது. ஒரு நட்சத்திரம் போட்டான். நன்றி என்று வந்தது. இதற்குமேல் பேச அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. ‘இது என் தெரு இல்லையே’ என்று யாரிடம் சொல்வது? மனு கொடுத்த காலத்தில் கிளார்க்கின் முகமாவது எதிரே இருக்கும். அவர் எரிந்து விழுவார், நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்வோம். அந்தச் சண்டையும் ஒருவகைப் பரிச்சயம்தான். செயலி மரியாதையாகப் பேசுகிறது, எரிந்து விழுவதே இல்லை. இதுதான் அதன் குரூரம். தமிழில் இதற்குச் ‘செயலி’ என்று பெயர் வைத்தவர் நல்ல காரியம்தான் செய்தார். ஆனால் செயலிக்கும் செயலிலிக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

இனி கிராமத்துக்கு வரலாம். நூறு நாள் வேலைத் தளங்களில் தினம் இரண்டு தரம் வேலையாட்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் நாடு முழுக்கக் கட்டாயமானது. நோக்கம் வெளிப்படைத்தன்மை. எந்தக் குடிமகனும் பார்க்கலாம், தட்டிக்கேட்கலாம் என்றார்கள். கண்மாய்க்கரையில் டவர் கிடைக்காமல் பெண்கள் நின்ற வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே படமெடுத்து ஏற்றுவதையும் ஒப்புக்கொண்டது. படத்தைப் படமெடுப்பது என்ற இந்தச் சிறு தந்திரத்தை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். செயலி கேட்டது ஒரு படம். படம் கிடைத்துவிட்டது. விதி மீறப்படவில்லை. விதிக்குள்ளிருந்தே விதி காலிசெய்யப்பட்டுவிட்டது.

ஹாய்ஸிங்கா ஒரு நுட்பமான பாகுபாடு செய்கிறார். ஆட்டத்தில் கள்ளத்தனம் செய்பவன் ஒருவன், ஆட்டத்தைக் கலைப்பவன் ஒருவன். கள்ள ஆட்டக்காரன் ஆடுவதாகப் பாவனை செய்கிறான். கட்டத்தை அவன் அழிப்பதில்லை, சொல்லப்போனால் கட்டம் இருந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு. கலைப்பவன் காயைத் தட்டிவிட்டு எழுந்து போகிறவன். சமூகம் கள்ளனை மன்னிக்கும், கலைப்பவனை மன்னிக்காது என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஐரோப்பா ஞாபகம் வரவில்லை. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வழியாக ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரக்கூடிய பாப்பாபட்டிதான் ஞாபகம் வந்தது.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபர் தேர்தல். உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷங்கள், 2006 வரை, இந்த ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. இது ஊரறிந்த விஷயம். நாம் கவனிக்க வேண்டியது அது எப்படி நடந்தது என்பதை. ஆரம்பத்தில் யாரும் வேட்புமனு கொடுக்கவில்லை, கொடுக்க விடவில்லை. இது ஆட்டத்தைக் கலைப்பது. தேர்தல் திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டது. பிறகு தந்திரம் முதிர்ந்தது. ஊர்ப் பெரியவர்களே ஒரு தலித்தைத் தேர்ந்து நிறுத்துவார்கள். மனு ஒழுங்காக இருக்கும். வாக்குப்பதிவு நடக்கும். ஜெயித்தவர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொள்வார். எடுத்த கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். மனுத்தாக்கல், வாக்குப்பதிவு, எண்ணிக்கை, பிரமாணம் என்று சட்டம் கேட்ட ஒவ்வொரு நகர்வும் குறைவில்லாமல் நடந்தேறியது. புள்ளிக்கணக்கு வைத்திருந்தால் முழு மதிப்பெண். பஞ்சாயத்து மட்டும் இல்லை.

படத்தைப் படமெடுத்தல் என்பது இதுதான். தேர்தலையே படமெடுத்து ஏற்றினார்கள். நகர்வுகளை மட்டும் எண்ணும் எந்த ஏற்பாடும், தன் விதிகளைக் கொண்டே தன்னைத் தோற்கடிக்கிறவனை அடையாளம் காண முடியாது. காகிதத்துக்கு முடியாதது செல்போனுக்கு மட்டும் எப்படி முடியும்? அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கை எந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறது, எந்தக் கடையில் கடன் வைத்திருக்கிறது, ராத்திரி எந்த வழியாக வீடு திரும்புகிறது என்பதெல்லாம் கட்டத்துக்கு வெளியே. புலியும் அங்கேதான் இருந்தது. அது கற்பனைப் புலியல்ல. இதே மதுரை மாவட்டத்தில் மேலவளவில், எதிர்ப்பை மீறித் தலைவராகப் பொறுப்பேற்ற முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பட்டப்பகலில் பஸ்ஸை வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியில் மனுக் கொடுக்க யோசித்த ஒவ்வொருவருக்கும் அந்த பஸ் தெரியும். ‘பங்கேற்பை ஊக்குவித்தல்’ என்ற சொற்றொடரை அந்த மனிதரின் எதிரில் நின்று உச்சரித்துப் பார்க்க வேண்டும். அவருக்குக் குறைவாக இருந்தது ஊக்கமா?

இந்த வட்டாரத்தில் பங்கு என்ற சொல்லுக்கே ஒரு கனம் உண்டு. பங்காளி என்பவன் ஒரே சாமியில், ஒரே சொத்தில், ஒரே மரியாதையில் பங்குள்ளவன். ஆகவே சண்டைக்காரன். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு அடுத்தது என்பதில் தலைமுறை தலைமுறையாக வழக்காடுவார்கள். பங்கு இல்லாதவனோடு யாரும் அப்படி மல்லுக்கட்டுவதில்லை. அவனுக்குப் பொங்கல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். புள்ளியும் பதக்கமும் எனக்கு அந்தப் பொங்கலாகவே படுகின்றன.

ஆனால் புலி, ஆடு என்பவை யாருக்கும் நிரந்தரமான பெயர்கள் அல்ல. இதைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும். எழுமலைக்குப் பக்கத்திலேயே பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பெருவிரல் ரேகை பதிய மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். பதிவேட்டில் பெயரேற்றுவது, ரேகை வாங்குவது, இரவில் எங்கே தூங்கினாய் என்று கணக்குச் சொல்லவைப்பது, இவையே அன்று அரசு இந்த ஜனங்களோடு வைத்திருந்த உறவு. அவர்களின் வாரிசுகள் எண்பது வருஷம் கழித்து இன்னொருவரின் பெயர் தலைவர் பலகையில் ஏறக்கூடாது என்று நின்றார்கள். சரித்திரம் யாருக்கும் நல்லொழுக்கச் சான்றிதழ் தருவதில்லை. நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. ரேகைக்காகக் குண்டடி பட்ட மண்ணில் இன்று பெருவிரலை வைத்தால்தான் போன் திறக்கிறது, ரேஷன் கிடைக்கிறது. படமும் நீ நிற்கும் இடமும் எங்களுக்குத் தெரிந்தால் போதும் என்கிறது செயலி. தேர்தல் கமிஷனின் ஸி-விஜில் 2018 முதல் அப்படித்தான் கேட்கிறது. நடத்தை விதி மீறலைப் படமெடுத்து அனுப்பினால் 100 நிமிஷத்தில் நடவடிக்கை, பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். நகரத்தில் அது உபயோகமான காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் இருநூறு வீடுகள் உள்ள ஊரில், பணப்பட்டுவாடா நடந்த முக்கில் அந்த நேரத்தில் போனை உயர்த்திப் பிடித்தது யார் என்று தெரிந்துகொள்ள ஊருக்கு 100 நிமிஷம் வேண்டாம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து வருஷமும் நான் இந்தப் பக்கத்தில்தான் இருந்தேன். லத்தீன் அமெரிக்க நாவல்களில் வரும் மாய யதார்த்தத்தைப் பற்றி நீளமாக எழுதினேன். பிரமாணம் எடுத்த கையோடு ஒரு மனிதர் ராஜினாமாச் செய்கிற, யாரும் ஆளாத, ஆனால் எல்லாச் சடங்குகளும் நடக்கிற பஞ்சாயத்து, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அது பத்திரிகைச் செய்தி, இலக்கியத்துக்கான விஷயமல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டால் ஜனநாயகம் என்பதற்கு நம்மவர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுவது உத்திரமேரூர். பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் வருஷங்களின் கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகள், குடம், ஒன்றுமறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பது. இது வாஸ்தவத்தில் விளையாட்டுத்தான், நல்ல விளையாட்டு. அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்தித் தந்திரத்தை வெல்லும் யோசனை அதில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்க முடியாது, அண்மையில் பதவி வகித்தவன் உடனே மறுபடி வர முடியாது என்ற விதிகளைப் படிக்கும்போது, வகுத்தவர்கள் மனித சுபாவத்தை அறிந்தவர்கள் என்று தெரிகிறது. சிறுவன் குடத்துக்குள் கைவிடும் அந்தக் காட்சியில் ஒரு கவிதைகூட இருக்கிறது. எல்லாம் சரி. குடத்துக்குள் யார் பெயர் இருந்தது? வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத ஞானமும் உள்ள, 35-லிருந்து 70 வயதுக்குட்பட்ட பிராமண ஆண்களின் பெயர்கள். குடம் நேர்மையானது. ஓலைக்கட்டு ஏற்கெனவே பிரித்துக் கட்டப்பட்டுவிட்டது. இன்றைய செயலிகளைப் புகழ்பவர்களும் குடத்தின் நேர்மையைத்தான் புகழ்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அதை மறைக்கக்கூடாது. 2017 ஜனவரி. ஒரு விளையாட்டும் அன்றாடச் செயலிகளும் சேர்ந்து தமிழ்நாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தடுத்த சல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரில் உட்கார்ந்தார்கள், தமுக்கம் மைதானத்தில் உட்கார்ந்தார்கள், வைகைப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், மெரினாவில் ராத்திரி செல்போன் விளக்குகளைத் தூக்கிக் காட்டினார்கள். கட்சி இல்லை, தலைவர் இல்லை, வாட்ஸப் இருந்தது. நானும் தமுக்கத்தில் ஓர் இரவு இருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர்ப் பாக்கெட்டுகளைக் கைமாற்றிக்கொடுத்த ஒழுங்கை நான் மறக்கப்போவதில்லை. 21-ஆம் தேதி அவசரச் சட்டம். 23-ஆம் தேதி சட்டசபையில் மசோதா, அதே நாள் காலையில் மெரினாவில் தடியடி.

இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறேன். அந்த வாரத்தில் செயலி யாருக்கும் புள்ளி கொடுக்கவில்லை. ஆட்களைச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. காரியம் மணலில், உடம்புகளைக்கொண்டு நடந்தது. புலியும் கட்டத்துக்குள் இருந்தது: அரசு, கோர்ட், போலீஸ், எல்லாம் எதிரே நேராக. அதனால்தான் அது ஆடுபுலியாக இருந்தது. மற்றொன்று அவ்வளவு இன்பமானதல்ல. வாடிவாசலில் யாருடைய மாடு முதலில் அவிழும், யார் மாட்டைத் தொடலாம், யார் தொட்டால் கலவரம் என்ற கேள்விகள் அந்த மைதானத்தில் எழவில்லை. எழுப்பியிருந்தால் கூட்டம் இரண்டாகியிருக்கும் என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது. வெளியே நின்ற புலியைச் சுற்றி வளைத்தவர்கள் தங்களுக்குள் இருந்த புலியைப் பற்றிப் பேசவில்லை. 2023 மே 18-இல் அரசியல் சாசன பெஞ்ச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இப்போது மாட்டுக்கும் வீரருக்கும் இணையத்தில் பதிவு, டோக்கன். நல்ல ஏற்பாடுதான். அதில் சாதி கேட்பதில்லை. வாடிவாசலில் கேட்கவேண்டிய அவசியமில்லை.

பின் விளையாட்டிடமிருந்து பொதுக்காரியம் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதற்கு வேறு திசையில் பார்க்க வேண்டும். பியாஜே ஸ்விட்ஸர்லாந்தில் கோலியாடும் சிறுவர்களைக் கவனித்து 1932-இல் ஒரு புத்தகம் எழுதினார். சின்னக் குழந்தைகள் விதியைத் தெய்வ வாக்காக நினைக்கின்றன. அப்பா சொன்னது, மாற்றக்கூடாது. ஆனால் ஆட்டத்தில் அடிக்கடி மீறவும் செய்கின்றன, மீறுவது தெரியாமலேயே. வளர்ந்த பையன்கள்தான், விதி என்பது நாம் கூடிச் செய்துகொண்டது, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்று உணர்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், மாற்றலாம் என்று தெரிந்த பிறகுதான் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். கோலிக்குண்டில் ஒரு குடியரசின் பிறப்பை அவர் பார்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. விளையாட்டின் ஜீவன் புள்ளியில் இல்லை, ‘இது ஆட்டமில்லை, திரும்ப ஆடு’ என்று கத்தும் உரிமையில் இருக்கிறது. செயலியில் அந்தக் கத்தலுக்குப் பொத்தான் கிடையாது. அதன் விதி எப்போதும் அப்பா சொன்ன விதி.

கத்தலுக்கு இடம் கொடுத்த முயற்சிகளும் உண்டு. 2012-இலிருந்து ஐ.நா.வின் வாழிட அமைப்பு மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை வைத்து, நைரோபியின் கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளின் ஜனங்களைப் பொதுஇடங்களுக்குத் திட்டம் போடச் செய்தது. ஒரு திரையைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து, இங்கே விளக்கு வேண்டும், இங்கே சுவர் வேண்டாம் என்று கட்டியும் இடித்தும் பார்த்தார்கள். அங்கே பொருட்படுத்தத் தக்கது மைன்கிராஃப்ட் அல்ல. கட்டத்தை வரையும் கோலை ஜனங்கள் கையில் கொஞ்ச நேரமாவது கொடுத்ததுதான். கிராம சபை என்ற சட்டத்தின் பழைய கருவியும் அதைத்தான் செய்ய வேண்டும். வருஷத்துக்கு நாலாக இருந்ததைத் தமிழ்நாட்டில் 2022-இல் ஆறாக்கினார்கள். (எழுமலை பேரூராட்சி, ஆகவே கிராம சபையே கிடையாது. சுற்றிலும் உள்ள சின்ன ஊர்களுக்கு உள்ள உரிமை, ஊர் கொஞ்சம் பெருத்ததும் போய்விடுகிறது.)

பாப்பாபட்டிக்குத் திரும்புகிறேன். 2006 அக்டோபரில் நாலு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதற்கு எந்தப் பந்தயமும் காரணமல்ல. அதிகாரிகள் மாதக்கணக்கில் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார்கள், இயக்கங்கள் வருஷக்கணக்கில் போராடியிருந்தன, அரசு பின்வாங்காது என்று காட்டிற்று. அந்த நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து ஊர்களுக்குச் சிறப்பு நிதியும் அறிவித்தார்கள். பரிசுதான். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. சட்டம் சொன்னதைப் பத்து வருஷம் தாமதித்துச் செய்ததற்குப் பரிசு என்றால், முதல் நாளே செய்த ஊர்களுக்கு என்ன? அந்தத் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததை மட்டும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2021 அக்டோபர் 2-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் வந்து உட்கார்ந்தார். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன.

நாற்காலிகளே இல்லாத காலமும் வருகிறது. 2016-இல் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, மதுரை உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. யாரும் தெருவில் இறங்கவில்லை. அன்றும் செயலிகள் எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தன. குப்பையைப் படமெடுக்கலாம், நட்சத்திரம் போடலாம், நன்றி என்று வரும்.

சென்ற மாதம் எழுமலையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸுக்காக ஒரு மர நிழலில் நின்றேன். சிமெண்டுத் திண்ணையில் இரண்டு பையன்கள் அடுப்புக்கரியால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உள்ளூர், மற்றவன் லீவுக்குத் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன்போல.

“எங்கூர்ல புலி நாலுடா.”

“இங்கன மூணுதான்.”

“அப்ப ஆடு எத்தன?”

உள்ளூர்க்காரன் யோசித்தான். புளியங்கொட்டைகளை எண்ணிப் பார்த்தான். நாலு புலி என்றால் ஆட்டைக் கூட்ட வேண்டும் என்றான். எத்தனை கூட்டுவது என்பதில் சண்டை வந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், எவன் புலி என்று முதலில் முடிவு பண்ணுங்கடா என்றார். இரண்டு பேருமே ஆடாக மாட்டேன் என்றார்கள். பஸ் வந்துவிட்டது.